ஹோம் சர்வர்ல டிஸ்க் போயிடுச்சா? புதுசு வாங்க ஓடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க பாஸ்!

டிவி ஸ்டாண்டுக்குக் கீழே சத்தமில்லாமல் கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டி திடீரென்று 'பீப்... பீப்...' என்று கத்துகிறது. பச்சையாக எரிந்த லைட் ஆரஞ்சுக்கு மாறிவிட்டது. 'என்னமோ கத்துது பாரு, ஆஃப் பண்ணி உடு சாமி' என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. வீட்டில் ஸ்டோரேஜ் சர்வர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் மெஷின். தேய்மானம் இல்லாமல் எப்படி?

2021 ஜூன் 1-ம் தேதி கூகுள் போட்டோஸ் தன் அன்லிமிட்டெட் இலவச சேமிப்பை நிறுத்தியது. '15 ஜி.பி-க்கு மேல காசு' என்றதும், 'மாசாமாசம் வாடகை கட்டுறதுக்கு சொந்தமா ஒரு பெட்டி வாங்கிடலாம்' என்ற யோசனை பலருக்கும் வந்தது. அதுவும் அன்னூர் மாதிரி ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு தம்பியை நினைத்துப் பாருங்கள். 100 எம்.பி.பி.எஸ் தரத்தில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜி.பி. ரெண்டு கேமரா, இணைச்சீரில் ஆரம்பித்து பந்தி முடிய ஆறு மணி நேரம் என்றால் ஒரே கல்யாணத்துக்கு அரை டி.பி-யைத் தாண்டும். இதை கிளவுடில் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த முகூர்த்தமே வந்துவிடும். அதனால் அவர் நான்கு 4 டி.பி டிஸ்க் போட்டு, ரெய்டு-5 முறையில் ஒரு சர்வர் வைக்கிறார்.

ரெய்டு என்றதும் இன்கம்டாக்ஸ் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இது வேறு ரெய்டு. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வந்த பெயர். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில், மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது யோசனை. கணக்கு ரொம்ப சிம்பிள். மூன்று டிஸ்க்கில் 7, 4, 9 என்று எழுதுகிறோம். நான்காவதில் கூட்டுத்தொகை 20. ரெண்டாவது டிஸ்க் செத்துப்போனால், 20-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 4 திரும்பக் கிடைத்துவிடும். (நிஜத்தில் கம்ப்யூட்டர் கூட்டலுக்குப் பதில் வேறொரு கணக்கு போடுகிறது, கூட்டுத்தொகையையும் நான்கு டிஸ்க்கிலும் பிரித்து வைக்கிறது. ஐடியா இதேதான்.) ஆனால் ரெண்டு எண்கள் காணாமல் போனால்? மீதி 13 என்று தெரியும், அது 4-ம் 9-மா, 6-ம் 7-மா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்று போனால் தாங்கும், ரெண்டு போனால் எல்லாம் காலி.

ஆரஞ்சு லைட் எரிந்ததும் எல்லோரும் செய்யும் காரியம், காந்திபுரத்துக்கு வண்டியை விட்டு புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டுவது. மாட்டியதும் 'ரீபில்ட்' தொடங்கும். பிரச்னையே இங்கேதான். செத்த டிஸ்க்கில் இருந்ததைக் கணக்குப் போட்டு எழுத, மிச்சமிருக்கும் மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். நொடிக்கு 150 எம்.பி வேகம் என்றாலும் 4 டி.பி-க்கு ஏழரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். அந்த மூன்றும் செத்த டிஸ்க்கோடு ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒரே வயசு, ஒரே சூடு, ஒரே கரன்ட். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றின் விவரக்குறிப்பிலேயே, ஏறத்தாழ 12.5 டி.பி படித்தால் ஓரிடத்தில் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். நாம் படிக்கப்போவது 12 டி.பி! நிஜத்தில் பெரும்பாலான டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் ரெண்டாவது டிஸ்க் படுக்க அதிக வாய்ப்புள்ள நேரம், ரீபில்ட் ஓடும் அந்த ராத்திரிதான்.

அதனால் முதல் வேலை, புது டிஸ்க்கை மாட்டுவது இல்லை. ஒரு டிஸ்க் போன நிலையிலும் சர்வர் ஃபைல்களைக் காட்டும். உடனே ஒரு யு.எஸ்.பி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, இழந்தால் திரும்பக் கிடைக்காததை முதலில் காப்பி பண்ணுங்கள். இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணம், தாத்தாவின் குரல் இருக்கிற வீடியோ, நிலப் பத்திர ஸ்கேன், இந்த வரிசையில். டவுன்லோடு பண்ணின படமெல்லாம் கடைசி.

ரெண்டு போயிட்டா?

பதறாதீங்க. ரெண்டு டிஸ்க் ஒரே நிமிடத்தில் 'செத்திருந்தால்', நிஜமாகவே ரெண்டும் செத்திருக்க வாய்ப்பு கொஞ்சம் குறைவு. கேபிளோ, பவர் அடாப்டரோ காரணமாக இருக்கலாம். பெட்டியை ஆஃப் பண்ணி, டிஸ்க்கைக் கழற்றும் முன் எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரில் 1, 2, 3, 4 எழுதி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். ரீஅலொகேட்டட், பெண்டிங் செக்டர் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க் விடைபெறத் தயாராகிறது. விண்டோஸ் 'ஃபார்மேட் பண்ணட்டுமா?' என்று பாசமாகக் கேட்கும். தயவுசெய்து 'வேண்டாம்' கொடுங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் அங்கங்கே படிக்க முடியவில்லை என்றால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, புது டிஸ்க்கில் அச்சு அசலாக நகல் எடுக்கும். மீட்பு வேலையெல்லாம் அந்த நகலில்தான். எந்த டிஸ்க் முதலில் வெளியேறியது என்று சர்வரின் லாகில் பாருங்கள். முதலில் போனதில் பழைய தகவல்தான் இருக்கும். கடைசியாகப் போனதன் நகலைச் சேர்த்தால்தான் உருப்படியாக எழுந்து நிற்கும். 'டிக்... டிக்...' சத்தம் வருகிறதா? இனி பவர் கொடுக்கவே கூடாது, நேராக டேட்டா ரெக்கவரி ஆட்களிடம்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உள்ளே ஈரம் கோத்து மிச்ச உயிரும் போய்விடும்.

மறுபடி கட்டும்போது...

இந்த முறை நாலு டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். வெவ்வேறு கடை, வெவ்வேறு மாதம் என்றால் நல்லது. சி.எம்.ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.எம்.ஆர் வகையில் ரீபில்ட் ஆமை வேகத்தில் நகரும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 'ரெட்' டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்.எம்.ஆர் இருப்பதைச் சொல்லாமல் விற்றது தெரியவந்து பெரிய பஞ்சாயத்தே ஆனது. அப்புறம்தான் எந்த மாடலில் எது என்று பட்டியல் வந்தது.

அடுத்தது கரன்ட். மாதாந்திரப் பராமரிப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துவார்கள், அது பரவாயில்லை. ஐப்பசி இடி மழையில் சொல்லாமல் போய்விட்டு வரும் கரன்ட்தான் ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'யு.பி.எஸ் மோடு' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால், கரன்ட் போய் பேட்டரிக்கு மாறும் கண நேரத்தில் சர்வர் அணைந்துவிடலாம். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியாது. பாதி எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குத் தெரியும்.

இவ்வளவும் பண்ணினாலும் ரெய்டு, பேக்கப் ஆகாது. தவறுதலாக நீங்கள் ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினால், அது நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒழுங்காக டெலீட் ஆகும். 1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' ஃபைல்களை ஒரு தப்பான கமாண்ட் அழித்தது. பேக்கப்பும் கைவிட்டது. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மேனின் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. போர்வையில் சுற்றி, காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவின் 858 டி.பி எரிந்துபோனது. வெளியே வேறு காப்பி இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலைமை!

அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று காப்பி, ரெண்டு விதமான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இதைக் கேட்டு மறுபடி கிளவுட் சந்தாவைத் தேட வேண்டியதில்லை. நம்மிடம் அம்முச்சி வீடு இருக்கிறதே! ரெண்டு யு.எஸ்.பி டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சர்வரோடு, இன்னொன்று சத்தியிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கிற அம்முச்சி வீட்டு பீரோவில். ஒவ்வொரு நோம்பிக்குப் போகும்போதும் ரெண்டையும் மாற்றிக்கொள்ளலாம். போகும் முன்னால் ஒரு பழைய கல்யாண வீடியோவை அந்த டிஸ்க்கிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நடுவில் நிற்காமல் ஓடினால் பையில் வையுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.