உங்களுக்குத் தெரியுமா? இரும்பு தேய்வதைத் தொடாமலே அளக்கலாம்!

மாறுதிசை மின்சாரம் ஓடும் செம்புக் கம்பிச் சுருளை ஓர் உலோகக் கருவியின் அருகே வைத்தால், உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழும். 1855-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ கண்டறிந்தவை இவை. இவற்றால் சுருளின் மின்தூண்டல் அளவு மாறுகிறது. கருவி தேயத் தேய இடைவெளி கூடும். அந்த மாற்றமும் குறையும். அதைக் கொண்டே தேய்மானத்தைக் கணக்கிடலாம். நடுவில் எண்ணெயோ சேறோ இருந்தாலும் கவலையில்லை. ஆனால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும்.

சிக்கலே தடிமனில்தான். சுழல் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். சாதாரண எஃகில் 50 ஹெர்ட்ஸில் அது சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். 10 லட்சம் ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கைத் தாண்டுவதே கடினம். அதனால் தடித்த வெட்டுளியின் பின்பக்கம் சுருளை ஒட்டிவைத்து, முன்பக்கம் எவ்வளவு தேய்ந்தது என்று கேட்டால் பதில் வராது. தேயும் முகத்தையே சுருள் பார்க்க வேண்டும். இல்லையேல் அலைவெண்ணைக் குறைக்க வேண்டும். குறைத்தால் சுருள் பெரிதாகும், அளவீடும் மந்தமாகும்.

வெப்பமும் சும்மா விடாது. 10 டிகிரி சூடேறினாலே செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடிவிடும். அதைக் கழிக்காத அளவீட்டுக் கருவி, தேயாததையும் தேய்ந்ததாகக் காட்டலாம்.

தொடர்ந்து ஓடும் மாறுதிசை மின்சாரத்துக்குப் பதில் துடிப்பாகச் செலுத்தி, எழும் சுழல் மின்னோட்டம் அடங்கும் வேகத்தை அளப்பது இன்னொரு வழி. ஆலைகளில் வெப்பக்காப்பு உறையைப் பிரிக்காமலே எஃகுக் குழாயின் சுவர்த் தடிமனை இப்படித்தான் பார்க்கிறார்கள்.