பொன்னாக்கும் வித்தையும் அணையா அடுப்பும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப் பாதையில் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. குறிஞ்சிப்பாடியில் நின்று திசைகளை எண்ணிப் பார்த்தால் அன்பர் நெஞ்சம் நெகிழும். தெற்கே தில்லைப் பொன்னம்பலம். மேற்கே சுந்தரர் பொன் பெற்ற திருமுதுகுன்றம். வடக்கே, பண்ருட்டியை அடுத்து, அருள்நந்தி சிவாசாரியார் தோன்றிய திருத்துறையூர். நடுவே வள்ளல்பெருமான் வாழ்ந்த கருங்குழியும் வடலூரும் மேட்டுக்குப்பமும்.

இத்தலங்களின் அருள்நூல்களையும் இசையையும் பொருந்திக் கற்பவர்க்கு ஒரு செய்தி திரும்பத் திரும்ப எதிர்ப்படும். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் இரசவாதமே அது. பொன்னாசையைக் கடிந்த அருளாளர்கள், பொன்னாக்கும் வித்தையை ஏன் இத்தனை ஆர்வத்தோடு பாடினார்கள்? இவ்வினாவுக்கு விடை தேடுவது இன்றைய நமக்கும் பயன்தரும்.

வாதத்தின் இரு முகங்கள்

இரசம் என்பது பாதரசம். அதனை மூலப்பொருளாகக் கொண்டு செய்யும் வித்தை ஆதலின் இரசவாதம் எனப்பட்டது. சித்தர் மரபில் வாதம், வைத்தியம், யோகம், ஞானம் என்னும் நான்கும் ஒன்றாக வைத்து எண்ணப்படும். செம்பைப் பொன்னாக்குவது இவ்வித்தையின் ஒரு முகம். நோயும் மூப்பும் உடைய உடலை அழியா உடலாக்குவது அதன் மறுமுகம்.

பாதரசத்துக்கு இப்பெருமை வந்ததற்குக் கண்கண்ட காரணமும் உண்டு. பொன்னைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்பு உடையது பாதரசம். அக்கலவையைச் செம்பின்மீது பூசி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும். பொன் மட்டும் செம்பில் படிந்து ஒளிரும். பொன்முலாம் பூசும் பழைய முறை இதுவே. அந்த ஆவி உயிருக்குக் கேடு விளைப்பது. செம்பு பொன்போல் மின்னுவதைக் கண்டவர்கள், செம்பே பொன்னாகிவிட்டது என்று நம்பியதில் வியப்பில்லை. ஆயினும் உள்ளே இருப்பது செம்புதான். உரைகல்லில் தேய்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இம்மயக்கத்தைத் தாயுமானவர் நன்கு அறிந்திருந்தார். குபேரனுக்கு நிகராகப் பொன் குவித்தவரும் இரசவாதத்தை விரும்பி அலைவதைச் சுட்டி, ஆசைக்கு அளவில்லை என்று இரங்குகிறார். மற்றொரு பாடலில், உலோகங்களைப் பொன்னாக்கி விற்று உண்பதும் இயலக்கூடியதே என்று ஒப்புக்கொண்டு, மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதே அதனினும் அரிது என்று முடிக்கிறார். அவர் காலத்து அலைச்சல் இன்றும் ஓயவில்லை. கோயில் கலசத்தில் அரிய உலோகம் இருக்கிறது, செம்புப் பாத்திரம் செல்வத்தை ஈர்க்கும் என்றெல்லாம் சொல்லிக் குடும்பங்களின் சேமிப்பைக் கவரும் மோசடிகளைச் செய்தித்தாள்களில் அவ்வப்போது காண்கிறோம். ஆகவே அருளாளர் பாடிய பொன் எது என்று தெளிந்துகொள்வது நம் இல்லங்களைக் காக்கும் காரியமும் ஆகும்.

முதுகுன்றத்துப் பொன்

திருமுதுகுன்றத்தில் சுந்தரர் பதிகம் பாட, இறைவர் பன்னீராயிரம் பொன் அளித்தார். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும் அருளையும் பெற்றார் சுந்தரர். ஆற்றில் இடுமுன் மாற்று அறிவதற்காக ஒரு துணுக்கை வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் அவர் பாடியபோது குளத்திலிருந்து பொன் வெளிப்பட்டது. ஆனால் உரைத்துப் பார்க்கையில் அதன் மாற்று குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், பொன் முன்னைய மாற்றை அடைந்தது. அங்கே பொன்னை உரைத்துக் காட்டியவராக மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் வழிபடப்படுகிறார்.

இசையால் பொன்னின் மாற்று உயர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! உலை இல்லை, பாதரசம் இல்லை, மறைபொருள் மூலிகை இல்லை. உருகியது பாடியவர் உள்ளம், உயர்ந்தது பொன்.

திருப்புகலூரிலும் இத்தகைய அருட்செயல் நிகழ்ந்தது. பங்குனி உத்திரச் செலவுக்குப் பரவையார்க்குப் பொன் வேண்டும் என்று சென்ற சுந்தரர், கோயில் முற்றத்தில் செங்கற்களைத் தலைக்கு வைத்துத் துயின்றார். விழித்தபோது செங்கற்கள் பொன்னாக இருந்தன. அந்தப் பொன் எதற்கென்று கவனிக்க வேண்டும். பெட்டியில் பூட்டி வைப்பதற்காக அவர் அதனைக் கேட்கவில்லை. திருவிழா நாளில் அடியார்க்கு வாரி வழங்கும் பரவையாரின் கைக்காகக் கேட்டார்.

சித்தர் வந்த இல்லம்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் ‘இரசவாதம் செய்த படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. நாம் பாடும் நாட்டிலிருந்து தெற்கே, வைகைக் கரையில் உள்ள திருப்பூவணத்தில் பொன்னனையாள் என்னும் மங்கை வாழ்ந்தாள். ஆடலும் பாடலுமே அவள் செய்த இறைபணி. நாள்தோறும் அடியார்க்கு அமுது படைத்த பின்னரே அவள் உண்பாள். பூவணநாதர்க்குப் பொன்னால் திருவுருவம் வார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கைக்கு வந்த பொருளெல்லாம் அன்னம் இடுவதிலேயே செலவாயிற்று. பொன்னுக்கு எங்கே போவாள்?

ஒருநாள் அடியார் பந்தியில் மதுரைச் சொக்கர் சித்தராக எழுந்தருளினார். வீட்டிலுள்ள பாத்திரங்களைக் கொண்டுவரச் செய்து திருநீறு தூவி, இரவில் நெருப்பிலிடுமாறு பணித்து மறைந்தார். அவ்வாறே செய்ய, அவை பொன்னாயின. வார்த்த திருவுருவின் அழகில் மயங்கிய அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள் என்றும், அந்த நகக்குறி திருவுருவில் பதிந்தது என்றும் புராணம் கூறும்.

பொன்னானவை எந்தப் பாத்திரங்கள்? அடியார்க்குச் சோறு சமைத்த பாத்திரங்கள் அல்லவா! பரவையார் இல்லத்திலும் பொன்னனையாள் இல்லத்திலும் முதலில் நிகழ்ந்தது அன்னம். பொன் அதன் பின்னே வந்தது.

செம்பும் களிம்பும்

சாத்திர ஆசிரியர்கள் இவ்வித்தையை உவமையாகக் கொண்டார்கள். பரிசவேதி தொட்ட பொருளெல்லாம் பொன்னாவது போலக் குரு தொட்ட உயிர் மும்மலம் நீங்கிச் சிவகதி பெறும் என்பது திருமூலர் வாக்கின் கருத்து. செம்பில் ஊறும் களிம்பு, உயிரில் ஊறிய ஆணவ மலத்துக்கு உவமையாயிற்று. களிம்பு வெளியிலிருந்து பூசப்பட்டதன்று. செம்போடு ஒட்டியே இருப்பது. புளியிட்டுத் துலக்கினாலும் சில நாளில் மீண்டும் தோன்றும். வீட்டில் செம்புக்குடம் துலக்கும் தாய்மார்கள் இதனை நன்கு அறிவர். நம் ஆணவமும் அத்தகையதே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்துறையூர் அருள்நந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் இவ்வுவமையை நுட்பமாக ஆராய்கிறார். இரச குளிகையால் செம்பு களிம்பு நீங்கிப் பொன்னாகிப் பொன்னோடு சேர்வது போல, மலம் நீங்கிய உயிர் சிவத்தோடு ஒன்றாகிவிடும் என்று ஒருவர் வாதிடுகிறார். அதனை அவர் அப்படியே ஏற்கவில்லை. இறைவன் அந்தப் பொன்னுக்கு ஒப்பானவன் அல்லன், குளிகைக்கே ஒப்பானவன் என்கிறார். குளிகை களிம்பை அறுக்கும், தான் பொன்னாகாது. அதுபோல இறைவன் உயிரின் மலத்தைப் போக்கித் தன் திருவடிக்கீழ் வைக்கிறான். உயிர் சிவானுபவம் பெறும். ஆனால் இறைவனுக்குரிய ஐந்தொழில் உயிருக்கு உரியதாகாது.

இதில் நமக்கு ஓர் அரிய பாடம் இருக்கிறது. பக்தியால் தூய்மை பெற்றவர், ‘நானே இறைவன்’ என்று தருக்கினால், களிம்பு மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது என்றே பொருள்.

மருந்தாக வந்த இசை

வாதத்தின் மறுமுகமாகிய மருந்து, தமிழிசையில் இனிய இடம் பெற்றது. சீர்காழி முத்துத்தாண்டவர் நாள்தோறும் தில்லைக்கு வந்து பாடியவர். வழியில் பாம்பு தீண்டியபோது, அம்பலத்தில் ஆடுபவனையே மருந்தாகக் கண்டு ‘அருமருந்து’ எனத் தொடங்கும் கீர்த்தனையைப் பாடினார் என்பதும், நஞ்சு இறங்கியது என்பதும் அவர் வரலாற்றில் வழங்குவன. அதே தில்லையில் பராந்தக சோழன் பொன் வேய்ந்த கூரையில் 21,600 பொன்னோடுகள் உள்ளன என்பர். அவை மனிதன் ஒருநாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை என்பது மரபு. ஒவ்வொரு மூச்சும் பொன்னாக வேண்டும் என்பது அதன் குறிப்பு.

மேலைநாட்டிலும் இவ்வித்தை இசையைத் தீண்டியிருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் மிக்கேல் மையர் 1617-ஆம் ஆண்டில் ‘அதலாந்தா ஃபூகியென்ஸ்’ என்னும் நூலில் இரசவாத மறைபொருள்களை 50 சித்திரங்களாகவும், அவற்றுக்கேற்ற 50 இசைப் பாடல்களாகவும் அமைத்தார். அங்கே அது கற்றோர் விடுவிக்கும் புதிராக இருந்தது. நம் நாட்டில் நோயுற்றவனும் பசித்தவனும் பாடும் பாட்டாயிற்று.

வடலூரின் நெருப்பு

1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளார், சென்னையை விட்டு வந்து கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கினார். ‘நல்ல மருந்து’, ‘ஞான மருந்து’ என்னும் அவருடைய பாடல்களில் இறைவனே மருந்தாகிறான். கருங்குழியில் எண்ணெய்க்கு மாறாகத் தண்ணீரில் விளக்கெரிந்த அற்புதத்தை அவரே பாடலில் குறிப்பிடுகிறார். உடல் சுத்த தேகமாகிப் பொன்னென ஒளிர்வதையும் அவர் பாடினார். இவற்றையெல்லாம் கேள்வியுற்ற பலர், அடிகளாரிடம் பொன் செய்யும் வித்தை கற்கலாம் என்னும் ஆசையோடும் அணுகினர் என்பர்.

ஆனால் அவருக்குப் பொன் என்ன பொருட்டு? தமக்குப் பணத்தில் ஆசையில்லை என்றும், கைக்கு வந்த பணத்தைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்ததாகவும் ஆறாம் திருமுறையில் அவரே சொல்கிறார். இத்தகையவர் உலகுக்கு விட்டுச்சென்ற உலை எது?

1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பே அது. அன்று ஏற்றிய நெருப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், பசித்தவன் உடலிலும் உள்ளத்திலும் நிகழும் கேடுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அறிவு மயங்குகிறது, கண் இருள்கிறது, உயிர் சோர்கிறது. உணவு உண்டதும் உள்ளம் குளிர்ந்து முகம் மலர்கிறது. அம்மலர்ச்சியைக் கடவுள் விளக்கமாகவே அடிகளார் காண்கிறார். முக்தி வீட்டைத் திறக்கும் திறவுகோல் ஜீவகாருண்யமே என்பது அவர் துணிவு.

வாடிய முகம் மலர்ந்த முகமாகும் இம்மாற்றத்தை எவரும் தம் கண்ணால் காணலாம். இதில் மோசடி இல்லை, மறைவு இல்லை, உரைகல்லும் வேண்டியதில்லை. பரவையார் கொடுத்த பொன்னும், பொன்னனையாள் படைத்த அமுதும் எந்த வழியில் சென்றனவோ, அதே வழியில் அடிகளார் பொன்னை விலக்கி அன்னத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறுதிவரை நடந்தார். 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி வழிபாடு நிகழ்ந்தது. அடுப்பு மூட்டி நாலரை ஆண்டுகளுக்குப் பின்னரே ஜோதி காட்டினார் என்னும் வரிசையை நாம் மறத்தலாகாது.

தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக, ஜோதியைத் தரிசிக்கப் பல்லாயிரம் பேர் வடலூரில் கூடுகிறார்கள். குறிஞ்சிப்பாடி வழியாகச் செல்லும் அன்பர்கள், ஞானசபைக்குப் போகுமுன் தருமச்சாலையின் அடுப்பருகே சிறிது நேரம் நில்லுங்கள். குழந்தைகளுக்கு அந்த நெருப்பைக் காட்டுங்கள். ஒருபடி அரிசியேனும் அவர்கள் கையால் கொடுக்கச் செய்யுங்கள். பொன் விலை நாளும் ஏறும் இக்காலத்தில், விலை ஏறாமலே மாற்று உயரும் பொன் ஒன்று உண்டு என்பதைப் பந்தியில் அமர்ந்து உண்போரின் முகத்தில் அவர்கள் கண்டுகொள்வார்கள்.