வல்லநாட்டு வெளிமான்களும் முட்புதர்க்காட்டின் மதிப்பும்

தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலி – தூத்துக்குடி நெடுஞ்சாலைக்கு அருகே எழுந்துள்ள வல்லநாட்டுக் குன்றும் அதன் அடிவாரமும் சேர்ந்த ஏறத்தாழ 16.41 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு, 1987ஆம் ஆண்டில் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பில் சிறியதே ஆயினும், இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியில் அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பாகும்.

தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், மலைக்குக் கிழக்கேயுள்ள இம்மழைமறைவு நிலம் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. எனவே இங்கு நெடுமரங்கள் அடர்ந்து வளராமல், குடைபோல் கிளை விரிக்கும் உடைமரமும், கள்ளியும், முட்செடிகளும், அவற்றினிடையே புல்திட்டுகளும் பரவி, முட்புதர்க்காடு எனப்படும் தாவரத் தொகுதியாக அமைந்துள்ளன. சிற்றிலையும் நீர் சேமிக்கும் தடித்த தண்டும் வறட்சியைத் தாங்குவதற்கு இத்தாவரங்கள் பெற்ற தகவமைப்புகளாகும்.

ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கிளைத்த கொம்புகளைக் கொண்ட புள்ளிமானிலிருந்து வேறுபட்டு, உதிராத கொம்புகளையுடைய இரலை இனத்தைச் சேர்ந்தது வெளிமான். முதிர்ந்த ஆணின் மேலுடல் கருமை படர்ந்தும், கொம்புகள் திருகு வடிவிலும் இருக்க, பெண்ணோ வெளிர்பழுப்பு நிறத்துடன் பெரும்பாலும் கொம்பின்றிக் காணப்படும். பகையைத் தொலைவிலேயே கண்டு விரைந்தோடித் தப்பும் இவ்விலங்குக்குத் திறந்தவெளியே அரண். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, இதற்கு முதல் அட்டவணையில் உயரிய பாதுகாப்பை அளிக்கிறது.

ஆயினும், சட்டம் வேட்டையைத் தடுக்குமேயன்றி, வாழிடம் மாறுவதைத் தானாகத் தடுத்துவிடாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தின் நெற்றுகளைக் கால்நடைகளும் மான்களும் தின்று, விதைகளைச் சாணத்தின் வழியே பரப்புவதால், புல்வெளிகள் புதராக மூடி, வெளிமானின் மேய்ச்சலும் ஓட்டமும் ஒருங்கே குறுகுகின்றன. இதனோடு, கூட்டமாகத் திரியும் தெருநாய்களும் குட்டிகளுக்குக் கேடாகின்றன.

வறண்ட புதர்நிலத்தைத் தரிசென ஒதுக்குவதும், மரம் நட்டுப் பசுமையாக்குவதே எங்கும் நன்மையெனக் கருதுவதும் இவ்வாழிடத்தைப் பொறுத்தவரை பிழையாகும். சீமைக்கருவேலத்தை முறையாக அகற்றி, புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதுதான் வல்லநாட்டு வெளிமான்களுக்குச் செய்யத்தக்க உண்மையான பாதுகாப்பு.