மாத்திரைக்கு முன் ஒரு மரபணுச் சோதனை

கார்பமசெபைன் பழைய மருந்து. 1953-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டர் ஷிண்ட்லர் அதை முதலில் தயாரித்தார். வலிப்பு நோய்க்கும், முகத்தில் சுளீர் சுளீரென்று வெட்டும் நரம்பு வலிக்கும் ஆசிய நாடுகளில் இன்றும் தாராளமாக எழுதப்படும் மாத்திரை இது. விலை குறைவு, பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் மிகச் சிலருக்கு, மருந்தைத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள், அது உயிருக்கே உலை வைத்துவிடுகிறது.

முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று ஆரம்பிக்கும். சளிக்காய்ச்சல்தானே என்று மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குபவர்கள்தான் அதிகம். இரண்டொரு நாளில் உதடும் வாயும் புண்ணாகும். மார்பிலும் முதுகிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றிக் கொப்புளம் கட்டும். லேசாகத் தேய்த்தாலே மேல்தோல் கழன்று கையோடு வரும். உடற்பரப்பில் 10 சதவீதத்துக்குள் தோல் உரிந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதே நோயின் கடுமையான வடிவம். அதில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண்ணில் தழும்பேறிப் பார்வை மங்கிவிடும். தோல் நோய் என்ற பெயர் இருந்தாலும், இவர்களைத் தீக்காயப் பிரிவில் வைத்துத்தான் பல மருத்துவமனைகள் பார்க்கின்றன.

யாருக்கு இது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் மருந்தைப் புதிதாகத் தொடங்கும் 10,000 பேரில் ஒருவர் முதல் ஆறு பேருக்கு வரலாம் என்பது கணக்கு. சில ஆசிய நாடுகளில் அது பத்து மடங்கு வரை அதிகம். இந்த வேறுபாடு பல காலமாகக் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது, காரணம்தான் பிடிபடவில்லை.

2004-ல் தைவானிலிருந்து விடை வந்தது. வென்-ஹுங் சுங், யுவான்-சொங் சென் உள்ளிட்ட குழுவினர், கார்பமசெபைனால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் கண்ட ஹான் சீனர் 44 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற ஒரே மரபணு வடிவம் இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது இருந்தது. மருந்தியலில் இவ்வளவு பளிச்சென்ற தொடர்பு கிடைப்பது அபூர்வம்.

எச்எல்ஏ புரதங்களின் வேலை, செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளிப்பரப்பில் தூக்கிக் காட்டுவது. ரோந்து வரும் டி செல்கள் அவற்றைப் பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று முடிவு செய்யும். 15:02 வடிவத்தில் கார்பமசெபைன் மூலக்கூறு வாகாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. சொந்தத் தோல் செல்லே டி செல்லுக்கு அந்நியமாகத் தெரிகிறது. அது கிரானுலைசின் என்ற கொல்லும் புரதத்தைக் கொட்டுகிறது. அரை நூற்றாண்டாக இது கண்டுபிடிக்கப்படாததற்குக் காரணம் எளிது. ஐரோப்பியரிடம் இந்த மரபணு வடிவம் அநேகமாக இல்லை. மருந்தைப் பரிசோதித்த நாடுகளில் ஆபத்து குறைவு. ஆபத்து அதிகம் இருந்த நாடுகளில் பரிசோதனை நடக்கவில்லை. ஒருவரின் மரபணுவைப் போன்ற தனி அடையாளங்களைப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்யும் துல்லிய மருத்துவம் தேசிய அளவில் ஏன் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

கண்டுபிடித்தாயிற்று என்பதற்காக மருத்துவர் எழுதும் சீட்டு மாறிவிடாது. 44 பேர் என்பது சிறு எண்ணிக்கை. சோதனை செய்து, இந்த வடிவம் உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்தால் நோய் உண்மையில் நிற்குமா என்பதைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. தைவானில் 23 மருத்துவமனைகள் கைகோத்து 4,877 பேரைச் சோதித்தன. அவர்களில் 7.7 சதவீதத்தினரிடம் 15:02 இருந்தது. அவர்களுக்கு வேறு மருந்து தரப்பட்டது. மற்றவர்கள் கார்பமசெபைன் சாப்பிட்டார்கள். பழைய விகிதப்படி பார்த்தால் சுமார் பத்துப் பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2011-ல் வெளியான இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆபத்து இருப்பது தெரிந்தும் பாதிப் பேருக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்க எந்த அறக்குழு அனுமதிக்கும்?

ஹாங்காங் 2008-லேயே சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே நடந்தது இந்தத் துறையில் உள்ள எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். கார்பமசெபைனால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் அடியோடு மறைந்தது. ஆனால் வலிப்பு மருந்துகளால் இந்த நோய் வந்தோரின் மொத்த விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை! சோதனை முடிவுக்குக் காத்திருப்பானேன் என்று பல மருத்துவர்கள், சோதனை தேவைப்படாத வேறு வலிப்பு மருந்துகளுக்கு மாறிவிட்டார்கள். அவற்றில் ஒன்றான பெனிட்டாயினும் இதே நோயைத் தரக்கூடியது. விதி சரிதான், சோதனை முடிவு மருத்துவரின் மேசைக்கு வந்து சேரும் வேகம்தான் போதவில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. முதலில் கணக்குப் போட்டார்கள். 2012-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, நாட்டின் மூன்று பெரிய இனங்களுக்கும் தனித்தனியே செலவையும் பலனையும் எடை போட்டது. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சோதனை செலவுக்குத் தகுந்த பலன் தரும். இந்தியருக்குத் தராது என்பது முடிவு. சீனரிலும் மலாய்க்காரரிலும் பத்துப் பேரில் ஒருவர் என்ற அளவில் காணப்படும் 15:02, சிங்கப்பூர் இந்தியரில் அதைவிடக் குறைவு. அங்குள்ள இந்தியரில் தமிழரே பெரும்பான்மை என்பதால், அந்தக் கணக்கு நடைமுறையில் தமிழரைப் பற்றியதும்தான்.

ஆனால் 2013 ஏப்ரலில் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் விதியை அறிவித்தபோது இந்தியரை விட்டுவிடவில்லை. ஆசிய வம்சாவளியினர் எவருக்கும் கார்பமசெபைனைப் புதிதாகத் தொடங்கும் முன் சோதனை செய்வதே முறையான சிகிச்சை என்றார்கள். அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். அடையாள அட்டையில் உள்ள இனம் பெரும்பாலும் தந்தை வழியில் வருவது. 2011 முதல் இரட்டை இனம் பதியவும் வழி உண்டு. ஆனாலும் தாய்வழிப் பாட்டி மலாய்க்காரர் என்றால் அந்த மரபணு அட்டையில் தெரியாது. கட்டணத்துக்கு அரசு மானியமும் வந்தது. அதற்குப் பிறகு, ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த கார்பமசெபைன்-ஸ்டீவன்ஸ்-ஜான்சன் அறிக்கைகள் ஒன்றிரண்டு என்ற அளவுக்கு இறங்கின.

இதே சிங்கப்பூர் இன்னொரு மருந்துக்கு இதுபோன்ற சோதனையை வேண்டாம் என்றும் முடிவெடுத்தது. கவுட் என்னும் மூட்டு வாதத்துக்குத் தரும் அலோபியூரினாலும் இதே தோல் நோயைத் தரும். அதற்கும் எச்எல்ஏ-பி*58:01 என்ற அடையாளம் உண்டு. ஆனால் அந்த வடிவம் உள்ளவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. எல்லோரையும் சோதித்து, வடிவம் உள்ள அத்தனை பேரையும் விலை கூடிய மாற்று மருந்துக்கு மாற்றுவது செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு, பொதுச் சோதனை தேவையில்லை என்றார்கள். ஆபத்து கூடுதலாக உள்ளவர் என்று தோன்றினால் மருத்துவர் தாமாகச் சோதிக்கலாம்.

மரபணு வேறுபாடு உண்டா என்பது ஒரு கேள்வி. அது சிகிச்சையை மாற்ற வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சென்னையும் எப்போதோ காட்டியிருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), ஐசோனியசிட் மருந்தைச் சிலர் உடல் வேகமாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை நோயாளிகளிடம் அளந்து பார்த்தது. பிறவியிலேயே வரும் வேறுபாடு அது. தினமும் மருந்து சாப்பிட்டபோது இரு சாராருக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. வாரம் ஒருமுறை தரும் முறையில்தான் வேகமாகச் செயலிழக்கச் செய்வோர் பின்தங்கினார்கள். ஆகவே ஒவ்வொருவரையும் சோதிப்பதைவிட, மருந்து தரும் கால இடைவெளியைச் சரிசெய்வது எளிதாக இருந்தது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் நிலைமை நேர்மாறு. மெர்காப்டோபியூரின் என்ற மாத்திரையை மாதக்கணக்கில் தர வேண்டும். அளவு கூடினால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், வெள்ளணுக்கள் சரிந்து தொற்று பாயும். குறைந்தால் புற்று திரும்பும். ஐரோப்பியருக்கு டிபிஎம்டி என்ற மரபணுவைப் பார்த்து அளவைக் குறைத்துத் தருவது வழக்கம். ஆசியக் குழந்தைகளில் பலருக்கு டிபிஎம்டி சரியாக இருந்தும் வெள்ளணு சரிந்தது. என்யுடிடி15 என்ற மற்றொரு மரபணுதான் காரணம் என்பது 2014 முதல் வந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. 2016-ல் குவாத்தமாலா, சிங்கப்பூர், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் சிகிச்சை ஆய்வுகளில் சேர்ந்திருந்த 270 குழந்தைகளின் தரவு, அதன் பல வடிவங்களை வரிசைப்படுத்திக் காட்டியது. அந்தக் குழந்தைகளின் மருந்து அளவும் வெள்ளணு எண்ணிக்கையும் ஒழுங்காகக் குறித்து வைக்கப்பட்டிராவிட்டால் இந்த மரபணுவின் செயல் பிடிபட்டிருக்காது.

சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்து தொடங்கிய மா-ஸ்போர் ஆய்வு அப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்த்த முயற்சி. அதன் முதன்மை நோக்கம் பரம்பரை மரபணு அல்ல. சிகிச்சை தொடங்கி 33-ஆம் நாளிலும் 12-ஆம் வாரத்திலும் மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் புற்றணுக்களை, பத்தாயிரத்தில் ஒன்று இருந்தாலும் தெரியும் அளவுக்கு எண்ணினார்கள். எண்ணிக்கை தாழ்ந்த குழந்தைகளுக்குக் கடுமையான மருந்துகளைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தும் நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. துல்லிய மருத்துவம் என்றாலே விலையுயர்ந்த புது மருந்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். இங்கே அதன் பலன் குறைவான மருந்து.

இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு மரபணுவாகத் தேடுவதற்குப் பதில், ஒரு மக்கள்தொகையின் முழு மரபணுத் தொகுப்பையே வாசித்து வைத்துவிடலாம் என்பது அடுத்த கட்டம். 2019-ல் வெளியான சிங்கப்பூரின் முன்னோட்ட ஆய்வில் 4,810 பேர்: சீனர் 2,780, இந்தியர் 1,127, மலாய்க்காரர் 903. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தியர், இங்கே கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. சிறுபான்மையினரை மக்கள்தொகை விகிதப்படியே எடுத்தால் அவர்களுடைய அரிய வடிவங்கள் எண்ணிக்கையில் சிக்காது. அந்தத் தொகுப்பில் 9.83 கோடி மரபணு வேறுபாடுகள் கிடைத்தன. பாதிக்கு மேல் அதுவரை எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை.

தேசியத் துல்லிய மருத்துவத் திட்டம் 2017-ல் தொடங்கியது. முதல் கட்டத்தின் இலக்கு 10,000 பேர். இரண்டாம் கட்டத்தில் அது 1,00,000 ஆனது. அதை நடத்த பிரிசைஸ் என்ற அமைப்பு உருவானது. மருத்துவ ஆய்வுகளை நடத்தித் தரும் நிறுவனம், செல் சிகிச்சைக் கூடம், புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு ஆகியவற்றோடு பிரிசைஸும் 2020-ல் கிரிஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தது. மரபணுவை வாசிப்பவரும், அதை வைத்துச் சிகிச்சை ஆய்வு நடத்துபவரும், சிகிச்சையைத் தயாரிப்பவரும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்து ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிராமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இந்த வாசிப்பு பொது மருத்துவத்துக்கு வந்து சேர்ந்த முதல் பெரிய இடம் கொழுப்பு. பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் உள்ளவருக்குப் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு அதிகம்; நாற்பது வயதில் மாரடைப்பு வந்த பிறகே பலருக்கு அது தெரிய வருகிறது. 250 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது உலகப் பொதுக் கணக்கு. 2025-ல் சிங்கப்பூர் இதற்கு மானியத்துடன் தேசிய மரபணுச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்டிஎல் 5.5 மில்லிமோலைத் தாண்டியவர்கள், அதாவது நம் ஊர்ச் சோதனைச் சீட்டில் 213 மில்லிகிராம் அளவைத் தாண்டியவர்கள், சோதனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்கள். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் அழைக்கப்படுவார்கள். ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு சரிபாதி. மருந்து ஒன்றும் புதிதல்ல, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டாட்டின்தான். மாறுவது அதைத் தொடங்கும் வயது.

சோதனைக்கு வரத் தயங்குவோர் சொல்லும் காரணங்களில் ஒன்று காப்பீடு. முடிவு மோசமாக வந்தால் ஆயுள் காப்பீடு மறுக்கப்படுமோ என்ற பயம் நியாயமானதே. 2021-ல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டுச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, காப்பீடு கேட்பவரை மரபணுச் சோதனை செய்துவரச் சொல்லி நிறுவனங்கள் வற்புறுத்த முடியாது. நோய் வருமா என்று முன்கூட்டிச் செய்த சோதனையின் முடிவையும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு, காப்பீட்டுத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே கேட்கலாம். ஆய்வுத் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் முடிவுகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

சோதனை அறிக்கை எப்போதும் ஆம், இல்லை என்று முடிவதில்லை. பொருள் இன்னும் தெளிவாகாத வடிவம் என்ற மூன்றாவது வகையும் உண்டு. ஐரோப்பியத் தரவை மட்டும் வைத்துப் பார்க்கும்போது ஆசியருக்கு இந்த வகை அதிகமாக விழுகிறது. அங்கே யாரிடமும் காணாத வடிவம், இங்கே ஆரோக்கியமான நூறு பேரிடம் இருக்கலாம். உள்ளூர்த் தொகுப்பு பெருகப் பெருக, இப்படிப்பட்ட பல வடிவங்கள் தீங்கற்றவை என்ற பட்டியலுக்கும், சில நோய் தருபவை என்ற பட்டியலுக்கும் நகர்கின்றன. முன்பே அறிக்கை வாங்கிச் சென்றவரை மறுபடி கூப்பிட்டுத் திருத்திய முடிவைச் சொல்லும் பொறுப்பு பரிசோதனைக் கூடத்துக்கா, மருத்துவருக்கா, தேசியத் திட்டத்துக்கா என்பதை இத்தகைய திட்டங்களைத் தொடங்கும் எந்த நாடும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.