தடுத்ததா, தட்டுப்பட்டதா?

வட்டவளைத் தோட்டங்களில் மென்பந்து கிரிக்கெட் ஆடும் சிறுவர், "பந்தை மறித்துவிட்டான்!" என்று சச்சரவிடுவதை நாம் கேட்டதுண்டு.

2021 மார்ச் 10இல் அன்ரிகுவாவில், மேற்கிந்தியத் தீவுகளின் பொல்லார்ட் வீசிய பந்தைத் தட்டி, ஓட முற்பட்டுப் பின்வாங்கிய நம் நாட்டு வீரர் தனுஷ்க குணதிலக்கவின் காலில் பந்து பட்டு விலகியது. ஆட்டமிழப்பு என்பதே நடுவர் தீர்ப்பு. வேண்டுமென்று செய்தாரா என்பதே பின்னெழுந்த வாதம்.

ஏனெனில், கிரிக்கெட்டின் 37ஆம் விதிப்படி, சொல்லாலோ செயலாலோ மனமறிந்து இடையூறு செய்தலே குற்றம், தற்செயல் குற்றமன்று. களத்தடுப்பாளர் மனமறிந்து துடுப்பாட்டக்காரரை மறித்தாலோ, எதிரணிக்கு 5 ஓட்டங்கள் உண்டு.

பெரிய மைதானத்தில் நடுவர் மனத்தை ஊகிப்பார். நடுவரில்லாத தோட்டத்து ஆட்டத்தில் அதை அறிபவன் ஓடியவன் ஒருவனே. அவன் உண்மையுரைத்தால் ஆட்டம் தொடரும். மறைத்தால் நட்பும் முறியுமன்றோ?