கந்தைப் போர்வை கதகதப்பது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலருடன் திருவண்ணாமலையிலிருந்து ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டேன். ஜமுனாமரத்தூர் வரை பஸ். அதன் பிறகு இரண்டு நாள் நடை. முதல் நாள் இரவு ஒரு பள்ளிக்கூடத்தின் முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ் படுத்தோம்.

ஒரு மாணவன் மட்டும் தன் போர்வையைப் பையிலிருந்து எடுக்கத் தயங்கினான். பழைய நூல் புடவைகளையும், தையல் கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளையும் அடுக்கி அவன் பாட்டி கையால் தைத்த கந்தைப் போர்வை அது. பக்கத்தில் படுத்தவனிடமோ புத்தம் புதிய ஜமுக்காளம். விளக்கை அணைத்த பிறகுதான் இவன் போர்வையைப் பிரித்தான்.

விடியற்காலையில் நான் விழித்தபோது, ஜமுக்காளத்துக்காரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தான். கந்தைக்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பொழுது விடிந்ததும் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் குளிரைத் தடுத்தது எது?

விடியலில் ஏன் அதிகக் குளிர்?

உயரே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை குறைகிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். திருவண்ணாமலை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் வேணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர் ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். ஆகவே உயரத்தால் மட்டும் மூன்றரை டிகிரி குறைகிறது.

இன்னொரு காரணம், வானாய்வகத்துக்கு ஏற்ற அதே தெளிந்த வானம். பகலில் சூடேறிய தரை, இரவு முழுவதும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி தரைக்குத் திரும்பும். மேகமில்லாவிட்டால் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விடும். இப்படி இழந்துகொண்டே வருவதால், சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டித்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். மாசி, பங்குனி மாதங்களுக்கு நம் முன்னோர் 'பின்பனி' என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்!

காற்றே சுவர்

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தைத் தருவது உங்கள் உடல். தூங்கும்போது அது ஏறத்தாழ 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நடக்கும்போது இது மூன்று மடங்குகூட ஆகும். அதனால்தான் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர்களுக்குப் போர்வை தேவைப்படுவதில்லை. படுத்துவிட்டாலோ, உள்ள வெப்பத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

அதற்குச் சிறந்த காவலாளி அசையாத காற்று. காற்று மிகச் சிறந்த அரிதிற்கடத்தி. தாமிரம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 15,000-ல் ஒரு பங்கைத்தான் அது கடத்துகிறது. ஆனால் காற்று சும்மா இருக்காது. சூடானால் மேலே எழும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும். இந்த வெப்பச் சலனத்தைத் தடுக்க, காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைக்க வேண்டும். ஆறேழு மெல்லிய துணிகளை அடுக்கும்போது, ஒவ்வொரு இரண்டு துணிகளுக்கு நடுவிலும் ஒரு காற்றுப் படலம் சிக்கிக்கொள்கிறது. நெருக்கி நெய்த ஜமுக்காளத்தில் நூல் அதிகம், காற்று குறைவு. கம்பளி கதகதப்பதும் அதன் சுருண்ட இழைகளுக்கிடையே சிக்கிய காற்றால்தான்.

இந்தக் காற்றுக்கு ஒரு பகை உண்டு: ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். பனியில் நனைந்த போர்வை போர்வையே அல்ல. மலைக்குப் போகும்போது அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள, மூடியுள்ள நான்கு எவர்சில்வர் டப்பாக்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி, மரப்பலகை மேல் வையுங்கள். முதல் டப்பாவை ஒரே தடித்த துணியால் சுற்றுங்கள். இரண்டாவதை, அதே எடையுள்ள பழைய புடவைத் துணியால் ஆறு சுற்றுத் தளர்வாகச் சுற்றுங்கள். மூன்றாவதையும் அப்படியே சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். நான்காவதற்கு, சுற்றும் துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆய்வகத் தெர்மாமீட்டரால் வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் வரையுங்கள். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் கூடாது; உடைந்துவிடும்.) எந்தக் கோடு மெதுவாகச் சரிகிறது? ஏன்?

தைக்க விரும்புவோருக்கு

பலமுறை துவைத்த நூல் புடவைகளே ஏற்றவை. நான்கைந்து மடிப்பாக அடுக்கி, மேலே வெட்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு, ஓட்டுத் தையலால் இணையுங்கள். தையல் வரிகள் மிக விலகி இருந்தால் துணிகள் நழுவி ஓரிடத்தில் குவியும். மிக நெருங்கினால் காற்று பிதுங்கி வெளியேறும். இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி போதும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள். இன்னொன்று: உடலுக்கு அடியில் இருக்கும் துணி எடையால் நசுங்கிவிடும். எனவே தரையில் முதலில் வைக்கோலோ கோரைப்பாயோ விரியுங்கள்.

வங்காளத்தில் இதைக் 'காந்தா' என்கிறார்கள், கர்நாடகத்தில் 'கௌதி'. 'காந்தா'வும் நம் 'கந்தை'யும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்தவை.

இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைப்பதற்கு முன்பே அந்த மாணவன் போர்வையை விரித்துவிட்டான். ஜமுக்காளத்துக்காரன் அதில் பாதி கேட்டு அருகில் வந்து படுத்தான். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு போர்வை இருக்கலாம். எடுத்து, அதில் எத்தனை அடுக்குகள் என்று எண்ணிப் பாருங்கள்!