அளவு அதேதான், உடம்பு மாறிவிட்டது

வயது ஏற ஏற உடம்பில் நீரின் பங்கு குறைகிறது. மது நீரில் கரைந்து உடம்பெங்கும் பரவும் பொருள். பரவ இடம் குறைந்தால் ரத்தத்தில் அதன் செறிவு கூடிவிடும். நாற்பது வயதில் பழகிய அளவையே எழுபதிலும் குடிப்பவருக்குப் போதை கூடுதலாக ஏறுவது இதனால்தான். கல்லீரலும் தளர்ந்திருப்பதால் போதை இறங்கவும் நேரமாகும். “எப்போதும் எடுக்கிற அளவுதான்” என்று பெரியவர் சொல்வது பொய்யல்ல. மாறியிருப்பது அவருடைய உடம்பு.

சிட்னியின் ஹோம்புஷ், தமிழர் நெருங்கி வாழும் புறநகர். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து முப்பது வயதில் ஆஸ்திரேலியா வந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகளோடு இருக்கப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பெற்றோரும் உண்டு. பகலில் வீடு வெறிச்சென்று கிடக்கும். ஓய்வு பெற்ற பின் வரும் வெறுமை, துணையின் மறைவு, போரில் பறிகொடுத்தவர்களின் நினைவு, வராத தூக்கம் என்று குடியை வளர்க்கும் காரணங்கள் முதுமையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. இளமையில் அளவோடு இருந்தவர்கள்கூட இந்த வயதில் சறுக்குவதுண்டு. ஆஸ்திரேலியாவில் தினமும் குடிக்கும் பழக்கம் 70 வயதைக் கடந்தவர்களிடமே அதிகம் என்று தேசியக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆகவே இது தமிழர் வீடுகளுக்கு மட்டும் உரிய சங்கடம் அல்ல.

அந்நாட்டில் மதுவை ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஓர் அலகு என்பது 10 கிராம் தூய மது. 2020 டிசம்பரில் வெளியான தேசிய வழிகாட்டுதலின்படி, ஆரோக்கியமான ஒருவர் வாரத்துக்கு 10 அலகையும் எந்த ஒரு நாளிலும் 4 அலகையும் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும் நோய் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவே பாதுகாப்பு. விஸ்கியில் 30 மில்லிதான் ஓர் அலகு. ஆஸ்திரேலியச் சமையல் மேசைக்கரண்டி 20 மில்லி பிடிக்கும். அதில் ஒன்றரைக் கரண்டிதான் கணக்கு. வீட்டில் கண்மதிப்பாக ஊற்றும் ‘ஒரு பெக்’ பெரும்பாலும் இரண்டு அலகைத் தொட்டிருக்கும். 700 மில்லி விஸ்கிப் போத்தலின் பின்பக்க லேபிளில் சுமார் 22 அலகு என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு போத்தல் ஒரு வாரத்தில் தீர்ந்தால், அது எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

குடியோடு மாத்திரைகளும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது. தூக்க மாத்திரையும் மதுவும் கலந்தால் மூச்சு மந்தமாகும், நடை தள்ளாடும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் சட்டென எழும்போது தலைசுற்றி விழலாம். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைப் பற்றி “வயசாச்சு, அதான்” என்று சொல்லிவிடுகிறோம். மறதி, கலங்கிய தூக்கம், சோர்ந்த மனம் எல்லாவற்றுக்கும் அதே விளக்கம்தான். அப்பாவிடம் போய்க் குடியைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் வேறு. இந்த மரியாதைதான் நோயை ஒளித்து வைக்கிறது.

கேட்பதற்கு ஏற்ற இடம் குடும்ப வைத்தியரின் அறை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விகளுக்குச் சில நிமிடங்கள் போதும். பலருக்கு வைத்தியரோடு நடக்கும் சிறு உரையாடலே அளவைக் குறைக்க வழிவிடுகிறது. அவர் பரிந்துரைத்தால் மருந்தாளர் வீட்டுக்கே வந்து எல்லா மாத்திரைகளையும் சரிபார்ப்பார். மெல்பனை அடுத்த ஃபிராங்ஸ்டன் பகுதியில் பெனின்சுலா ஹெல்த் நிறுவனம் 60 வயதைக் கடந்தவர்களுக்கென்றே ‘ஓல்டர் வைசர் லைஃப்ஸ்டைல்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. முழுக்க விட முடியாதவருக்கும் குறைத்துக்கொள்ள உதவுவது நல்ல அணுகுமுறை. முதியவர்களை வெட்கப்படுத்தித் திருத்த முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. நெடுங்காலம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பிள்ளைகள் போத்தலை எடுத்து ஒளித்து வைப்பது உதவி ஆகாது. வைத்தியரின் மேற்பார்வையில், தயமின் என்ற பி1 வைட்டமினையும் கொடுத்து நிறுத்துவதே முறை. ஹோம்புஷுக்கு அருகிலுள்ள கான்கார்ட் மருத்துவமனையில் இதற்கென மருத்துவப் பிரிவு இயங்குகிறது. 1800 250 015 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை பெறலாம்.

ஆங்கிலம் சரளமாக வராதவர் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்க வைத்தால், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பெரியவர் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். தொலைபேசியில் வரும் முன்பின் தெரியாத குரலிடம் சரியான அளவைச் சொல்வது அவருக்கு எளிது.